களக்காட்டுத் தாம்பூலம்

சேரன்மகாதேவி
விரோதிகிருது வருஷம், ஐப்பசி 9

கொழும்பிலிருக்கும் சிரஞ்சீவி சங்கரசுப்பிரமணியனுக்கு உன் தகப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லாரும் க்ஷேமம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், யோசித்தால் பாதி வீடுதான் க்ஷேமம். கூட இருக்கும் ஞானசிகாமணியோடு பேச்சை நிறுத்தித் தனியாகப் பொங்குவதாகவும், சரியாகத் தூக்கமில்லை என்றும் எழுதியிருந்தாய். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் நெஞ்செரிச்சல் போய்விட்டது. ஒன்பது வருஷமாகச் சோறு இறங்கினாலே எரிந்த வயிறு இப்போது புளிக்குழம்பைக்கூட ஏற்றுக்கொள்கிறது. பத்தமடை வைத்தியர் அசன் மைதீன்தான் காரணம், ஆனால் சூரணத்தால் அல்ல. படுத்தால் என்ன நினைப்பு வருகிறது என்று கேட்டார். களக்காட்டில் உன் மாமன் சிவசண்முகம் தன் மகள் கல்யாணத்தில் முதல் தாம்பூலத்தை எனக்குத் தராமல் வேறொருவருக்குக் கொடுத்ததைச் சொன்னேன். நீ அப்போது சின்னப்பிள்ளை. அன்று பந்தலை விட்டு எழுந்து வந்தவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. போய் மன்னித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் எரிந்தால் மருந்து தருகிறேன் என்றார். வண்டி கட்டிக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன் மாமனுக்கு அந்தத் தாம்பூலமே ஞாபகமில்லை. என்ன கோபமென்று தெரியாமலே இத்தனை வருஷம் வருத்தப்பட்டிருக்கிறார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், எரியவில்லை.

இனி மற்றப் பாதி. உன் அம்மாவுக்கு நாலு வருஷமாக ஓயாத தலைவலி. அவளையும் வைத்தியரிடம் காட்டினேன். நாடி பார்த்துவிட்டு, "இதுவும் உங்களுக்கு இருந்த சீக்குதான் அண்ணாச்சி" என்றார். அவளுக்கு யாரோடும் சண்டை கிடையாதே என்றேன். என்னையே பார்த்தார். எனக்கு விளங்க இரண்டு நாளாயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவைப் பெற்ற களக்காட்டு ஆச்சி படுக்கையில் கிடந்தபோது உன் அம்மாவை அனுப்பச் சொல்லி மூன்று தடவை ஆள் வந்தது. நான் அனுப்பவில்லை. இறந்த பிறகுதான் அனுப்பினேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவளிடம் என் தப்புதான் என்று சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. முழுவதும் புடைத்து முடித்த பிறகு, களக்காட்டுக்கு வண்டி எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். நாளைக் காலை போகிறாள். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை.

ஞானசிகாமணியோடு ஒரே பானையில் பொங்கு. மழையில் நனையாதே. நெல்லையப்பர் காந்திமதி துணையால் தீர்க்காயுசாக இரு. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, களக்காட்டு விலாசத்துக்கே போடு.

இப்படிக்கு,
உன் தகப்பன்
ஐயம்பெருமாள்