ஐந்து ஜப்பான் பாட்டுகள்

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் பங்குச் சாமியார். உடல் கிடைக்காமல் எப்படிக் கொடுப்பது?

அந்த ஜப்பான் ராக் பாடகனின் பாட்டுகளில் சிறந்த ஐந்தைப் பொறுக்கி, கரை திரும்பும்போது படகில் அலறவிடுவீர்கள். "எல்லாப் போட்டுலயும் மாதா பாட்டு. நம்ம போட்டு வாரது ஒனக்குத் தெரியணும்ல," என்பீர்கள். மூன்றாவது பாட்டில் அவன் தொண்டை கிழியக் கத்தும்போது நான் உலையில் அரிசி போடுவேன்.

ஊர் சிரிக்கிறதென்று, நீங்கள் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று, பென் டிரைவில் அவற்றை அழித்து மாதா பாட்டு ஏற்றிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

அதனால் இப்போது மாதா பாட்டோடு எந்தப் படகு வந்தாலும் ஓடுகிறேன். ஒவ்வொன்றிலிருந்தும் வேறு யாரோ இறங்குகிறார்கள்.

இன்று காலை அந்த மூன்றாவது பாட்டே கேட்டது. அழித்ததை மறந்துவிட்டேன். உங்களுக்கும் சேர்த்து அரிசியைப் போட்டுவிட்டு ஓடினேன். உங்கள் கூட்டாளி ஜோஸ்வினின் படகு. முன்பே உங்களிடம் வாங்கிவைத்த பாட்டாம். என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு, "தெரியாமப் போட்டுட்டேன் மயினி," என்று அழுதான்.

திரும்பி வந்தபோது சோறு குழைந்துபோயிருந்தது. நாளைக்குப் பெயர் கொடுத்துவிடுகிறேன். கோபப்படாதீர்கள்.

பாப்பா அம்மா