காது கூசுமா?

என்னங்க,

புது ஸ்பீக்கர் பாடினால் காது கூசுகிறது என்றதற்கு, “பல்லுதான் கூசும், காது எப்படி கூசும்?” என்று சிரித்தீர்கள். நேற்று நீங்களே முகம் சுளித்ததைச் சமையலறையிலிருந்து பார்த்தேன்.

ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் நாற்காலியையே முறைத்துக்கொண்டு நின்றன. கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க வெறும் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறேன், எடுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். இப்போது சோபாவில் உட்கார்ந்தால்தான் பாட்டு இதமாக இருக்கிறது. அதனால் நாற்காலி பால்கனிக்குப் போய்விட்டது.

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள், சோம்பேறித்தனம் வேண்டாம்.

பி.கு: சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம் என்பதே உங்களுக்கு மறந்திருக்கும். டியூட்டி முடிந்ததும் வந்துவிடுவேன். எனக்கு இடம் போட்டு வையுங்கள்.