எதிர்ப்பக்கம் மடித்த இலை

சனிக்கிழமை ராத்திரி.

பிள்ளையோடு ஓட்டலுக்குப் போனால் தண்ணியைக் கொட்டுவாள், அப்பளம் கேட்டு அழுவாள் என்றுதான் பயந்தேன். யாழினி சமத்தாகத்தான் சாப்பிட்டாள்.

நாத்தனார் செல்விக்கு இது ஏழாம் மாசம். செக்கப்புக்காக எஸ்டேட்டிலிருந்து போடிக்கு இறங்கி வந்தவளை நாங்கள்தான் சாப்பிடக் கூட்டிப்போனோம்.

சாப்பிட்டு முடித்த யாழினி இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள், துக்க வீட்டில் மடிக்கிற மாதிரி. செல்வியின் கை வயிற்றுக்குப் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எவ உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தைதாம்மா. தாத்தா கருமாதில இப்படித்தான் மடிக்கணும்னு சொன்னாங்க."

அஞ்சு வயசுப் பிள்ளை இலை போட்டுச் சாப்பிட்டதே அந்த ஒரு நாள்தான். அவளுக்கு வேறென்ன தெரியும்?

செல்வி என் முகத்தையே பார்க்கவில்லை. "வெரசா போகணும் மதினி, ஜீப்பு கெளம்பிரும்" என்று எழுந்துவிட்டாள்.

எனக்குச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்குப் போனதும் கூப்பிடுறேன் என்றாள், இன்னும் கூப்பிடவில்லை. மலையில் டவர் கிடைத்திருக்காது. யாழினி தூக்கத்திலும் விசும்புகிறாள்.

இப்போது போன் அடித்தாலும் எடுக்கப் பயமாக இருக்கிறது.