சேம்பரில் காய்ந்த நெத்திலி

வியாசர்பாடி,
ஆகஸ்ட் 2003

அன்பு மகன் பீம்ராவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை மதி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கோயமுத்தூரில் நீயும் கை கால் முழுசாய் நன்றாக இருக்க வேண்டும், இப்போது என் ஒரே கவலை அதுதான். நான் வேலை செய்யும் வெல்டிங் பட்டறை முகவரிக்கு நீ போட்ட கடிதத்தை மதிதான் படித்துக் காட்டினாள். அம்மா தூங்கிய பிறகு அடுப்பு மேடை ஓரம் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நீ கேரேஜ் ஆபீசில் கணக்கு எழுதுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பழைய எஸ்டீம் கார் வாங்கியது, வேகம் கூட இன்ஜினைக் கிளப்பிவிட்டது, அதைக் குன்னூர் மலைப்பாதையில் விரட்டிப் பார்ப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் தம்பி ராமதாஸ் எர்ணாவூரில் பைக்கோடு கண்டெய்னர் லாரிக்கு அடியில் போனதிலிருந்து வேகம் என்ற பேச்சையே அவளிடம் எடுக்க முடியாதென்று உனக்கே தெரியும். (அண்ணா, இது நான், மதி. அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறேன். சின்ன விளக்கு வெளிச்சம்தான், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.)

நீ லாரியில் அனுப்பிய இன்னொரு ஆயில் சேம்பர், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற அந்தத் தட்டு, வந்து சேர்ந்தது. வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி டாஷ்போர்டில் ஆயில் சிவப்பு லைட் மினுக்குகிறது, உள்ளே தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடு என்று கேட்டிருந்தாய். நீ சொன்ன காரணம் தப்பில்லை. ஆயில் ஒதுங்கினால் உறிஞ்சுகிற குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும், பேரிங் தீய்ந்துவிடும். பெரிய டயர் போட்டுக்கொண்டு நீளமான வளைவில் சுற்றிச் சுற்றி வருகிற பந்தய வண்டிக்குத் தகடு கட்டாயம் வேண்டும். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்குக் கம்பெனிக்காரன் வைத்ததே போதும். முதலில் இன்ஜினில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து ஆயில் மேல் கோடு வரை இருக்கிறதா என்று பார், கிளப்பிவிட்ட இன்ஜின் ஆயில் குடிக்கும். முழுசாக இருந்தும் மினுக்கினால், ஆயில் ஒதுங்குகிற அளவுக்கு நீ வளைவில் விரட்டுகிறாய் என்று அர்த்தம். தகடு வைத்தால் லைட் அணைந்துவிடும், நீ இன்னும் கொஞ்சம் மிதிப்பாய். எதிரே பால் வண்டி வந்தால் அதற்கு எந்தத் தகடு வைப்பது? உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. உன் வயதில் நானும் கடன் வாங்கிய ஸ்கூட்டரில் எண்ணூர் வரை பறந்தவன்தான். அதனால்தான் இவ்வளவு சொல்லிவிட்டும் கை சும்மா இருக்கவில்லை. தகடு வெட்டிப் பற்றவைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகலும் பார்த்துவிட்டேன். பட்டறையில் இருந்தால் முதலாளி கேட்பார் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய இரும்பு என்று சொல்லிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மறுநாள் வந்து பார்த்தால் உன் அம்மா அதைச் சோப்பு போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் அதில் நெத்திலி காயவைத்திருக்கிறாள். படியில் எப்படிச் சாய்த்துத் தூக்கினாலும் மீன் ஒரு மூலையில் போய்க் குவியாத தட்டு என்று எதிர்வீட்டுக் கார்குழலியிடம் பெருமை வேறு. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அது என்னவென்று சொல்லவும் முடியவில்லை. மற்றபடி தண்ணீர் லாரி நினைத்தபோதுதான் வருகிறது, குடம் வரிசையில் தினம் சண்டை. மதிக்குப் பரீட்சை நெருங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி மலைப்பக்கம் போகாதே. பந்தயத் தடத்தில் மட்டும்தான் மாட்டுவேன் என்று நீ எழுதினால் சேம்பரை அனுப்பிவைக்கிறேன்.

அண்ணா, இனி நானே எழுதுகிறேன். மேலே இருக்கிற கடைசி வரியை எழுதும்போது இருட்டிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் தூங்கவே இல்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். எவ்வளவு தேய்த்தும் தட்டில் வண்டி ஆயில் வாசனை போகவில்லையாம், அதில் ஒட்டியிருந்த சீட்டு கோயமுத்தூர் லாரி ஆபீசுடையது என்று கார்குழலி படித்துச் சொன்னாளாம், எனக்கென்ன மூக்கும் கண்ணும் இல்லையா என்று அப்பாவைக் கேட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் இதை எழுது என்றாள். அவள் சொன்னது அப்படியே: “பீமு, லைட்டு மினுக்குனா வண்டிய ஓரங்கட்டு. எந்தம்பிக்கு எதுவும் எரிஞ்சி காட்டல. உனுக்குக் காட்டுது. தட்டு எங்கிட்டயே இருக்கட்டும். வோணும்னா வூட்டுக்கு வந்து, எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டு வாங்கிகினு போ.”

அப்பா, அனுப்பிவைக்கிறேன் என்று சொன்ன வரியை அடிக்கச் சொன்னார். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன், அதை நீ படிக்காததாக வைத்துக்கொள். நீ நோய்நொடி இல்லாமல், போன வழியே பத்திரமாய்த் திரும்பி வர இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறார்கள். வண்டி எடுக்கும் முன் கம்பியை இழுத்துப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா மண்ணாங்கட்டி
அம்மா கன்னியம்மா

அம்மா பெயருக்குப் பக்கத்தில் இருப்பது அவளுடைய பெருவிரல் ரேகை. என் பேனா மையைத்தான் தடவினோம். அவளே விளக்கைப் போட்டுவிட்டு வந்து வைத்தாள்.