தாதிக்கு ஒரு கிழமைப் புரோவா

பலெர்மோ, இத்தாலி
16.03.1998

அன்பு மகள் ஜெனனிக்கு அப்பா எழுதுவது,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு எழுத்து பெரிது, ஒரு எழுத்து சின்னது, வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. பேனையை அவ்வளவு அழுத்திப் பிடிக்கிறேன், தாளின் பின்பக்கத்தைத் தடவினால் கண் தெரியாதவரும் வாசித்துவிடுவார். ஆனால் பிள்ளை, இது யாரையும் கெஞ்சி எழுதுவித்த கடிதம் இல்லை, அறுபத்தாறு வயதில் உன் அப்பா நான் என் கையால் எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். அம்மா இங்கேயும் நான் ஊரிலும் இருந்த காலத்தில் அவள் போடுகிற கடிதத்தைக் கடைக்கார அலோசியஸ்தான் எனக்கு வாசிப்பான், கடையில் நிற்கிற சனம் முழுவதும் காது கொடுக்கும், உங்களைக் காணாமல் கண்ணுக்குள் நிற்கிறது என்று அவள் எழுதியதை அவன் இருமி இருமி வாசிப்பான். இனி எனக்கு ஒரு அலோசியசும் வேண்டாம். இந்த உறையை நானே ஒட்டி, தன் தங்கையின் கலியாணத்துக்கு ரொறன்ரோ வருகிற விக்னராஜாவின் கையில் நாளைக்குக் கொடுப்பேன். நீயும் மருமகனும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நல்ல சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், அம்மா எழுதினால் அப்படித்தான் வரும். அந்த வரியை நான் எழுதவில்லை. பிள்ளை, அம்மாவுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து என் நெஞ்சு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வழி தவறிவிடும். கார்த்திகையில் ஒப்பரேசன் செய்த டொக்டர், உன் அண்ணன் கீர்த்திகனை வெளியே கூப்பிட்டு இது கான்சர், வயிறு முழுவதும் பரவிவிட்டது என்று சொன்னார். நாங்கள் அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்று சொன்னோம். உனக்கும் அப்படியே சொல்லச் சொன்னோம். நீ உடனே வரப்போகிறேன் என்று அழுதபோது, திடீரென்று நீ வந்து நின்றால் அவளுக்கு விளங்கிவிடும், ஆவணி லீவுக்கு வருவது போல வா என்று உன்னை மறித்ததும் நாங்கள்தான். வீட்டில் நாலு மாதமாக நாடகம். அம்மா முன்னால் சிரிப்போம், குசினிக்குள் போய் அழுவோம். அவள் கட்டிலில் இருந்தபடி எனக்கு எழுத்துப் பழக்கினாள். பொழுது போகாமல் பழக்குகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அது பெரிய சந்தோசமாக இருந்தது.

மாசி முடிவில், இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை, நோவைக் குறைத்து நிம்மதியாகப் பராமரிக்கிற ஒரு இடத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் கீர்த்திகனும் பஸ் எடுத்துப் பிரான்காச்சோவுக்கும் அப்பால் ஒரு தனியார் இல்லத்தைப் பார்க்கப் போனோம். எனக்கு அந்த இடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் மேசன், எங்கே போனாலும் முதலில் நிலத்தைத்தான் பார்ப்பேன். பளிங்குக் கல், ஒரு பொருத்தில்கூட வெடிப்பு இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் சேலைன் தொங்கியது. ஊரில் நாங்கள் ஒரு ஆஸ்பத்திரியை எப்படி மதிப்போம் என்று உனக்குத் தெரியும், சேலைன் ஏற்றினால் கவனிக்கிறார்கள், ஏற்றாவிட்டால் கைவிட்டுவிட்டார்கள். காலை பத்து மணிக்கு அங்கே ஒரு சத்தம் இல்லை, எல்லாரும் நித்திரை, என்ன ஒரு ஒழுங்கு என்று நினைத்தேன். கோட் போட்ட ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் ஸீ, ஓம் என்ற ஒரே பதில். நோவு வராமல் பார்ப்பீர்களா, ஸீ. இரவில் ஆள் இருக்குமா, ஸீ. எங்கள் சோறுகறி கொண்டு வரலாமா, ஸீ, ஸீ. கடைசியில் நான் கீர்த்திகனிடம் பெரிய விசயத்தைக் கேட்கச் சொன்னேன், அம்மாவுக்கு வருத்தம் என்னவென்று இங்கே ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதற்கும் அவர் நெஞ்சில் கை வைத்து ஸீ என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பாரம் இறங்கினது போல இருந்தது. திங்கட்கிழமை, அதாவது இன்றைக்கு, கட்டில் தருவதாகச் சொன்னார்கள். அம்மாவிடம் உடம்பு தேற ஒரு ஓய்வு இல்லத்துக்குப் போகிறோம் என்று சொன்னோம். அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கீர்த்திகன் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, கதவில் மணி அடித்தது. கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி ஏறி ஒரு பெண் மூச்சு வாங்க நிற்கிறாள், கையில் ஸ்கூட்டர் ஹெல்மெற், வெள்ளைச் சட்டையும் இல்லை. பெயர் கொன்செத்தா, தாதி, கடைசிக் காலத்து நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு குழுவிலிருந்து வருகிறேன் என்றாள். நான் கீர்த்திகன் கூப்பிட்டான் என்று நினைத்தேன், அவன் நான் கூப்பிட்டேன் என்று நினைத்தான். இரண்டு பேரும் முழுசிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து அம்மாவின் குரல், “உவவை ஏன் வாசல்லை வைச்சுக் கதைக்கிறியள், உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ, நான்தான் கூப்பிட்டனான்” என்று. எங்கள் மாடியில் இருக்கிற மொரிசியஸ்காரி லில்லியான் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். லில்லியான் வேலை செய்த வீட்டு முதிய சின்யோராவை, அதுதான் எசமானியை, கடைசி மட்டும் பார்த்தது இந்தக் குழுதானாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் பிள்ளை. அம்மா தலையணையை நிமிர்த்தி வைத்து, சீலைத் தலைப்பைச் சரி செய்து, வேலைக்கு ஆள் எடுக்கிற சின்யோரா மாதிரி இருந்துகொண்டாள். எட்டு வருடம் இந்த ஊர்ச் சின்யோராக்கள் அவளைக் கேட்ட கேள்வியையெல்லாம் அவள் ஒன்றும் மறக்கவில்லை. நான் சந்தை இத்தாலியன்தான் அறிவேன், கீர்த்திகன் என் காதுக்குள் தமிழில் சொன்னான். முதலில் கையைக் காட்டு என்றாள். தாதி சிரித்துக்கொண்டு நீட்டினாள், அம்மா நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு முதல் ஆரைப் பார்த்தாய், அந்த வீட்டு மனிசரோடு நான் கதைக்கலாமா என்றாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு நீ கடலுக்குப் போனால் உனக்குப் பதில் ஆர் என்றாள், கேட்டுவிட்டுத் தானே “ஓகஸ்ட் எனக்குத் தேவைப்படாது, ஆனால் கேக்க வேண்டிய கேள்வி” என்றாள். பிறகு, என்னை எழுப்பாமல் இந்த விரிப்பை மாற்று பார்ப்போம் என்றாள். கொன்செத்தா ஜக்கெற்றைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவை ஒரு பக்கம் சரித்து, மற்றப் பக்கம் சரித்து, ஒரு முனகல் வரவில்லை, விரிப்பு மாறிவிட்டது. அம்மா மூலையை இழுத்துப் பார்த்தாள்.

நான் பொறுக்க முடியாமல் சேலைன் எங்கே என்று கேள் என்று கீர்த்திகனை இடித்தேன். சேலைன் இல்லையாம், இந்த நிலைமையில் ஏற்றினால் தண்ணீர் உடம்பில் தங்கி மூச்சு முட்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, மருந்து ஏற்றாதவளுக்கு என்னத்துக்குத் தாதி என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “இஞ்சாருங்கோ, சும்மா இருங்கோ. என்ரை சின்யோராவின்ரை தேப்பனுக்கு ஏத்தி ஏத்தி, கையும் காலும் வீங்கி, கடைசியிலை மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தது. அந்தக் காலைத் துடைச்சது நான்” என்றாள். அப்படியே அடுத்த கேள்வி, எங்கள் ஆட்கள் உயிர் போகிற நேரம் வாயில் பால் விடுவினம், நீ மறிப்பாயோ. கொன்செத்தா, விழுங்க முடியாத ஆளுக்குக் கரண்டியால் விட்டால் புரைக்கேறும், அதை விடமாட்டேன், பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைக்கலாம், உன் மனிசனுக்கு இப்பவே காட்டித் தாறேன் என்றாள். ஜெனனி, நாங்கள் நாலு மாதம் வாய்க்குள் வைத்து விழுங்கிய சொல்லை இந்த இரண்டு பெண்களும் விலை பேசுகிற மாதிரி நடுவில் வைத்துக் கதைக்கிறார்கள்.

நோவே வராது என்று சொல்லு பார்ப்போம் என்றாள் அம்மா. தாதி, அப்படிச் சொல்ல முடியாது, வந்தால் குறைப்போம் என்று மட்டும் சொல்லலாம் என்றாள். இரவு முழுவதும் இருப்பாயா, இல்லை, போன் எடுத்தால் டொக்டர் வருவார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு எனக்குச் சொன்னாள், “எல்லாத்துக்கும் ஸீ எண்டவளை நம்பக் கூடாது. நான் முதல் வீட்டிலை எல்லாத்துக்கும் ஸீ எண்டன், பியானோத் துடைக்கத் தெரியுமோ எண்டதுக்கும் ஸீ, தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டன்” என்று. கடைசியாகக் கொன்செத்தா ஒரு கேள்வி தான் கேட்கலாமா என்றாள். உங்களுக்கு எதை நினைத்துப் பயம் என்று கேட்டாள். அம்மா மெல்ல ஏதோ சொன்னாள். கீர்த்திகன் அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை, எழும்பிக் குசினிக்குள் போய்விட்டான். நான் திரும்பிப் பார்த்தால் அம்மா தாதிக்குக் கை கொடுக்கிறாள். ஒரு கிழமைப் புரோவா. இங்கே வீட்டு வேலைக்கு ஆள் எடுத்தால் முதலில் வைத்துப் பார்க்கிற அந்தத் தவணைதான். பிடிக்காவிட்டால் நிறுத்துவேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அவள் போன பிறகு நான் கட்டில் காலடியில் இருந்து, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். “நீங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்த அண்டைக்கே தெரியும். கலியாணம் கட்டின நாளிலை இருந்து அடுப்பை எட்டிப் பாக்காத மனுசன் சீனியும் அளவாப் போட்டுக் கொண்டு வாறார் எண்டால், டொக்டர் என்ன சொல்லியிருப்பார் எண்டு எனக்கு வேறை ஆரும் சொல்ல வேணுமே?” என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்கள் எல்லாரும் இவ்வளவு பாடுபட்டு ஒளிக்கிறியள், அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டன். ஆனால் என்னைக் கொண்டுபோய்ப் போடுற இடத்தை நான்தான் பாத்து எடுப்பன்” என்றாள். எழுத்துப் பழக்கியது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு நாலாம் நாள். என் கணக்கையும் எழுதுகிறேன், நீயும் வந்து பார்த்துச் சொல்லு. கொன்செத்தா சனிக்கிழமை பிந்தி வந்தாள், மழை என்றாள், அம்மா ஏசினாள். உன் சென்ற் மணம் எனக்கு வயிற்றைக் குமட்டுகிறது என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சவர்க்கார மணத்தைத் தவிர வேறு மணம் இல்லாமல் வந்தாள். சனி பின்னேரம் நோவு கூடியபோது போன் எடுத்தோம், டொக்டர் வந்து மருந்தைக் கூட்டினார். அம்மா நித்திரையாகிவிட்டாள், எனக்கு அந்தப் பிரான்காச்சோப் பக்கத்து இல்லம் ஞாபகம் வந்து பயந்துபோனேன், அங்கே எல்லாரும் காலையிலேயே நித்திரையாக இருந்தது ஒழுங்கால் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அம்மா எழும்பினாள், இடியப்பம் கேட்டாள், ஒரு வாய் சாப்பிட்டாள், சொதிக்கு உப்புக் குறைவு என்றாள். உப்புக் குறைவு என்று கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கீர்த்திகன் அந்த இல்லத்துக்குப் போன் எடுத்துக் கட்டில் வேண்டாம் என்றான். அந்தக் கோட் போட்டவர் அதற்கும் ஸீ என்றாராம்.

இனி நான் எழுத வந்த விசயம். அம்மா அன்றைக்குத் தாதிக்குச் சொன்னதைக் கீர்த்திகன் நேற்றுத்தான் எனக்குச் சொன்னான். சாகப் பயமில்லை என்றாளாம். என்ரை மகள் வந்து நிக்கேக்கை எனக்குக் கதைக்க ஏலாமல் போயிடும், அதுதான் பயம் என்றாளாம். ஜெனனி, உன்னை மறித்து வைத்த காரணம் இப்போது இல்லை. நீ வந்தால் அவளுக்கு விளங்கிவிடும் என்றோம், அவளுக்கு நாலு மாதமாக விளங்கித்தான் இருக்கிறது. நான் அவளிடம் பிள்ளைக்கு என்ன எழுத என்று கேட்டேன். “செத்தவீட்டுக்கு வாறதுக்கெண்டு லீவைச் சேர்த்து வைக்க வேண்டாம், இப்ப வரச் சொல்லுங்கோ. போனிலை ஸ்னோ கொட்டுறதைப் பற்றிக் கதைச்சது போதும்” என்றாள். இதை அவளிடம் காட்டிப் பிழை திருத்தித் தரக் கேட்டேன், மாட்டேன் என்றுவிட்டாள், பிழையோடு போனால்தான் பிள்ளை அப்பாவின் கை என்று நம்பும் என்றாள்.

பேரனையும் கூட்டிக்கொண்டு வா, தடித்த உடுப்பு வேண்டாம், இங்கே வெயில் வந்துவிட்டது. பாஸ்போட்டின் திகதியைப் பார்த்துக்கொள். அழுகிறதென்றால் விமானத்தில் அழுதுவிட்டு வா, இங்கே வந்து அம்மாவோடு கதை. நீங்கள் மூவரும் நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ வேண்டும், எந்தத் தெய்வம் எழுத்துத் தெரியாதவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததோ அது உங்களையும் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை புரோவா முடிகிறது. தாதியை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று அம்மா என்ன சொன்னாள் என்பதை அடுத்த கிழமை கட்டாயம் எழுதுவேன். அதற்குள் நீ வந்து அவள் வாயாலேயே கேட்டால், அந்தக் கடிதத்தை நான் எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் முதல் தடவையாகக் கையெழுத்து வைக்கும் உன் அப்பா,
இராஜநாயகம்