மூக்குக்குப் போகும் கை

6 ஜனவரி 1947, திங்கள்

இன்று காலை ஏரியில் நான்கு தரம் தலைகீழாகத் தொங்கினேன். நாற்பத்தொரு வயதில், பையன்களுக்கு டிரில் சொல்லிக் கொடுக்கிற ஆள், இடுப்பு வரை படகுக்குள்ளே, தலை தண்ணீருக்குள்ளே. நல்ல வேளை, என் மாணவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட கான்வாஸ் படகுகள் பத்தை ஜில்லா வெள்ள உதவிப் படை வாங்கியிருக்கிறது. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். இங்கிலீஷில் கயாக் என்கிறார்கள். மேலே மூடியிருக்கும், நடுவில் ஓட்டை. ஜோட்டுக்குள் காலை விடுகிற மாதிரி விட வேண்டும். அதனால் ஊரில் அதற்கு ஜோட்டுப் படகு என்று பேர் வந்துவிட்டது. பேரைக் கேட்டதுமே கோயில் குளத்தில் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரிக்கு வந்தோம்.

வெள்ளத்தில் அக்கரைக்குக் கயிறு கொண்டு போக இந்தப் படகுதான் லாயக்காம். ஆனால் கவிழும். கவிழ்ந்தால் வெளியே வராமல், உட்கார்ந்தபடியே துடுப்பைத் தண்ணீர் மேல் வீசி, இடுப்பைச் சொடுக்கி, படகோடு நிமிர வேண்டும். அதை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுக்கப் போதகர்கள் வேண்டும். அந்த சர்ட்டிபிகேட்டுக்காக ஆறு டிரில் மாஸ்டர்கள் தினம் ஆறு மணிக்கு ஏரியில் நிற்கிறோம்.

ஆசையா என்ன! பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு டிரில் மாஸ்டர் வேலை கொடுக்கிறார்கள். ஒன்பது வருஷமாக நான் ஆக்டிங். சர்ட்டிபிகேட் இருந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஏப்ரலோடு சரி.

8 ஜனவரி

எங்களைப் பயிற்றுகிற பக்தவச்சலத்துக்கு இருபத்தாறு வயது. பர்மாப் பக்கம் படகுப் பிரிவில் இருந்தவன். மரியாதையாகத்தான் திட்டுகிறான்.

"மாஸ்டர், துடுப்பு ரெண்டு கையிலயும் இருக்கணும்ங்க. கவுந்ததும் ஒரு கை எங்க போவுது?"

எங்கே போகிறது? மூக்குக்கு.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? ஐந்து வயதில் அப்பா குளத்துப் படியில் நிறுத்தி, மூக்கைப் பிடிடா என்று மூன்று முழுக்குப் போட வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் அதுதான். தண்ணீர் தலைக்கு மேல் வந்தால் வலது கை தானாகக் கிளம்பிவிடுகிறது. துடுப்பு போய்விடுகிறது. அப்புறம் பக்தவச்சலம் வந்து தூக்கி நிமிர்த்த வேண்டும். ஆறு பேருக்கும் இதே கதை.

மூக்குக்கு மரக் கிளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வெள்ளத்துல கிளிப்பு யாருங்க குடுப்பாங்க?" என்றான். அதுவும் சரிதான்.

11 ஜனவரி

கை என் பேச்சைக் கேட்கவில்லை. சனியன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

என் சம்சாரம் தேவகி பொங்கல் வைத்தாள், பரிமாறினாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வராத இரண்டாவது பொங்கல்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் நான்தான் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அவள் அண்ணன் கஜபதி, என் பாவா, ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஆற்றோரம் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் எனக்கு இலை இல்லை. அடுத்த பந்தியில் உட்காருங்க என்றார், எல்லார் எதிரிலும். வீட்டு மாப்பிள்ளையை! எழுந்து வந்துவிட்டேன். அவர் அழைக்கவும் வரவில்லை, நான் போகவும் இல்லை. தேவகி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

24 ஜனவரி, வெள்ளி

எழுந்துவிட்டேன்! மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி மண்டையெல்லாம் எரிய எரிய, கையை மட்டும் விடவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே துடுப்பை வீசினேன். இடுப்பைச் சொடுக்கினேன். வெயில் கண்ணில் அடித்தது. "தலைய கடைசில தூக்குங்க" என்று அவன் மூன்று வாரமாகக் கத்தியது இன்றைக்குத்தான் உடம்புக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தும்மினேன். ஹெட்மாஸ்டர் ஜலதோஷமா என்றார். ஆமாம் சார் என்றேன். சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

10 பிப்ரவரி, திங்கள்

பரீட்சை எப்படி என்று இன்று சொன்னான். நாங்கள் கவிழ்ந்து எழுந்து காட்டினால் போதாதாம்.

"எழுந்துக்கறவன் படகுக்காரன்ங்க. இன்னொருத்தன எழுப்பத் தெரிஞ்சாத்தான் வாத்தியாரு."

ஆற்றோர கிராமங்களிலிருந்து கற்றுக்கொள்ள ஆறு பேர் வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒருவர். அடுத்த செவ்வாய்க்கிழமை சித்தூரிலிருந்து அதிகாரி வருவார். அவர் எதிரில் நம் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒரு தரமாவது எழ வேண்டும். எழாவிட்டால் அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. நமக்குத்தான் சர்ட்டிபிகேட் இல்லை.

சீட்டுக் குலுக்கினார்கள். என் சீட்டைப் பிரித்தேன். கஜபதி.

வேறு கஜபதியாக இருக்கக் கூடாதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவரேதான். ஏரிக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். முடியாதாம்.

11 பிப்ரவரி

இருவருக்கும் நடுவே பக்தவச்சலம்தான் தபால்காரன்.

"கால நீட்டி முட்டுக் குடுக்கச் சொல்லு அவர."

"எனுக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சா எதுக்கு வந்தாராம்னு கேளு."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சொந்தமாங்க?" என்றான். இருவரும் ஏரியைப் பார்த்தோம். அவனே புரிந்துகொண்டிருப்பான்.

13 பிப்ரவரி

நீச்சலில் பாவாவை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கவிழ்ந்ததும் கை மூக்குக்குப் போய்விடுகிறது. எட்டுத் தரம். எட்டும் அப்படியே. என்னைப் போல எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால், "பொறுத்துக்கினு கெடக்க நான் என்ன அவுருக்கு அடிமையானு கேளு" என்கிறார். வேலை போச்சு. ஏப்ரலில் நான் எந்த முகத்தோடு தேவகிக்குச் சொல்வேன்?

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று தகராறே வந்துவிட்டது. பாவா படகில் உட்கார்ந்திருந்தார், நான் மார்பளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறுக்க முடியாமல் நேராகவே சொல்லிவிட்டேன்: "பந்தியில எடம் குடுக்கத் தெரியாத ஆளுக்கு இதெல்லாம் எங்க வரப்போவுது!"

திரும்பினார். "ம்க்கும்! வந்துட்டாரு பெரிய மானஸ்தன்! அன்னிக்கி மொத பந்தியில ஒக்காந்தவங்க யாரு தெரியுமா? வீடு கட்டுன கொத்தனாருங்க. அவுங்கள எழுப்பி உன்ன ஒக்கார வெக்கணுமா? ம்க்கும்!"

அந்த இரண்டாவது ம்க்குமில் என்னை முட்ட வந்தார். படகு சாய்ந்து கவிழ்ந்தது. நான் தூக்கப் போனேன். அதற்குள் துடுப்பு மேலே வந்தது. பாதி எழுந்து மறுபடி விழுந்தார். ஆனால் இரண்டு கையும் துடுப்பிலேயே இருந்தன!

தூக்கி நிமிர்த்தியதும் முதல் வார்த்தை: "மூக்குல தண்ணியே ஏறல மாப்ள."

மாப்ள என்றார். இரண்டு வருஷத்துக்கப்புறம். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மூக்கில் தண்ணீர் ஏறாத காரணமும் அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று உறுமினால் காற்று மூக்கு வழியாகத்தானே போகும்? காற்று வெளியே போகும்போது தண்ணீர் எப்படி உள்ளே வரும்? தண்ணீர் வராவிட்டால் கைக்கு அங்கே என்ன வேலை?

கொத்தனார்களா. எனக்கு யாரும் சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லையே.

15 பிப்ரவரி

இரண்டு தரம் எழுந்தார். முழுசாக! ஒவ்வொரு தரமும் என்னை முறைத்து, ம்க்கும் என்று உறுமிவிட்டுத்தான் கவிழ்ந்தார். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பாவா வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அவரும் சொல்லிவிட்டு வரவில்லை. கையில் ஒரு பூசணிக்காய். தேவகி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "வாண்ணா" என்று ஒரே சொல். அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

சாப்பிட்டோம். "கொழம்பு நல்லா கீது தேவகி" என்றார். போகும்போது என் தோளில் கை வைத்தார். அப்பாடா என்றிருந்தது. எப்படி இவ்வளவு சுலபமாக முடிந்தது?

17 பிப்ரவரி

முடியவில்லை! ஐயோ, ஒன்றும் முடியவில்லை. இன்று ஆறு தரம் கவிழ்ந்தார். ஆறு தரமும் கை மூக்குக்கு.

சமாதானமாகிவிட்டாரே! என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது அவருக்கு. உறுமச் சொன்னால் கரையில் உறுமுகிறார், படகில் உட்கார்ந்து உறுமுகிறார், தண்ணீர் காதைத் தொட்டதும் மறந்துவிடுகிறார். கோபம் இருந்தால்தான் வருகிறது.

நாளைக்குப் பரீட்சை. பந்தி விஷயத்தை இழுத்து ஒரு வார்த்தை சுருக்கென்று சொன்னால் கோபம் வரும், எழுந்துவிடுவார், என் வேலை நிலைக்கும். ஆனால் இந்தத் தடவை பிரிந்தால் பிறகு சேர்வோமா? நேற்று தேவகி பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். இந்த வீட்டில் அவள் பாடி எத்தனை நாளாயிற்று?

என்ன செய்ய?

18 பிப்ரவரி, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த கூட்டத்தில் தேவகியும் இருந்தாள், அண்ணனுக்கு இட்லி கட்டி எடுத்துக்கொண்டு.

முதல் தரம்: கை மூக்குக்கு. தூக்கினேன். இரண்டாம் தரம்: அதேதான். அதிகாரி காகிதத்தில் கோடு போட்டார். இன்னும் ஒன்று.

வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன், இப்போது சும்மா எழுதவில்லை.

பாவாதான் கெஞ்சினார். "திட்டு மாப்ள! கோவம் வந்தாத்தான் வரும். என்னா வோணா சொல்லு, மனசுல வெச்சுக்க மாட்டேன்."

சரி என்று வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வரவில்லை. "நீங்க... நீங்க..." என்று நின்றேன். கூட்டம் சிரித்தது.

அப்போது கரையிலிருந்து தேவகியின் குரல். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அவரு எதுக்குத் திட்டணும்? நான் திட்டறேன்! ரெண்டு பொங்கலு! ரெண்டு தீவாளி! எங்கம்மா கையால ஒரு வாய் சோறு தின்னல நானு. மூணு மணி நேரத்துல வந்து சேர்ற வீடு, ஒரு வாட்டி வந்து பாத்தியா நீ? இவுரு போகலாம் வாடின்னு கூப்ட்டாரா? ரெண்டு பேரும் ரோசத்தக் காப்பாத்திக்கினீங்க. என்ன ஒருத்தராவது ஒரு வார்த்த கேட்டீங்களா? நீ ஒரு அண்ணன், அவரு ஒரு புருசன்! த்தூ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாவா அவளையே பார்த்தார். முகத்தில் இருந்தது கோபம் இல்லை. வாய் மூடியிருந்தது, உள்ளேயிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. அடிபட்ட ஆள் முனகுவது போல. அந்த முனகலோடேயே சாய்ந்து கவிழ்ந்தார். நான் படகைத் தொடக்கூட மறந்து நின்றேன். துடுப்பு தண்ணீர் மேல் அகலமாக வந்தது, இடுப்பு சொடுக்கியது, தோள் வந்தது, கடைசியில் தலை. நேராக உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஓடியதில் எது ஏரித் தண்ணீர், எது கண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி தெலுங்கு கலந்து கேட்டார், "அந்தம்மா எவரு?" என் சம்சாரம் என்றேன். பேனாவைத் திறந்தார். "கரையிலேருந்து சத்தம் போடக் கூடாதுன்னு ரூல் லேது" என்று கையெழுத்துப் போட்டார்.

19 பிப்ரவரி

சர்ட்டிபிகேட் அலமாரியில் இருக்கிறது. இன்று காலை தேவகி அரிசி களையும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "தப்பு என் மேலதான்" என்றேன்.

"ஆங்" என்றாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, "காபி வோணுமா?" என்றாள்.

வேலை நிலைத்ததைவிட அந்தக் காபிதான் தொண்டையில் நிம்மதியாக இறங்கியது.

9 மார்ச்

ஆளாளுக்கு ஒரு சண்டையை மூட்டிவிட்டுப் பாடம் நடத்த முடியுமா? வழி கண்டுபிடித்துவிட்டேன். கரையிலேயே ஒரு அண்டா நிறையத் தண்ணீர். முகத்தை முக்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ம்ம்ம் என்று உறும வேண்டும். தினம் ஐம்பது தரம், பத்து நாள். கை மூக்கை மறந்துவிடுகிறது. பாவாவும் வீட்டில் அண்டா வைத்துத் தினம் செய்கிறார். பரீட்சையில் தேறாத இரண்டு மாஸ்டர்களின் ஆட்கள் இன்று இப்படித்தான் எழுந்தார்கள். மறு பரீட்சைக்கு அவர்களுக்கு இனிப் பயமில்லை. பக்தவச்சலம் தன் பாடக் குறிப்பில் அண்டாவைச் சேர்த்துக்கொண்டான்.

18 ஆகஸ்ட்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் புதுக் கொடி. இன்று எனக்கு உத்தரவு. ஆக்டிங் என்ற சொல்லை அடித்துவிட்டார்கள்.

21 நவம்பர், வெள்ளி

நான்கு நாளாக விடாத மழை. தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போன தேவகி அங்கேயேதான் இருக்கிறாள். ஆற்றில் வெள்ளம் என்று புதன்கிழமையே செய்தி வந்தது. பாலத்துக்கு அப்பால் பஸ் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடமும் மூடல்.

இன்று பஸ் ஓடியது. கண்டக்டர் ஒரு காகிதம் கொடுத்தான். பேசுகிற மாதிரியே எழுதுவாள் தேவகி:

"நாங்க எல்லாரும் சொகம். அக்கரையில பதினோரு பேரு மாட்டிக்கினாங்க. அண்ணன் ஜோட்டுப் படகுல கவுறு எடுத்துக்கினு போனாரு. நடு ஆத்துல படகு கவுந்துச்சு. அம்மா அலறிட்டாங்க. நான் எண்ணிக்கினே நின்னேன். ஆறு எண்றதுக்குள்ள எழுந்துட்டாரு. இன்னம் கொஞ்ச தூரத்துல திருப்பியும் கவுந்துச்சு, திருப்பியும் எழுந்துட்டாரு. பதினோரு பேரும் இக்கரைக்கி வந்துட்டாங்க. அதுல ஒரு கைக்கொழந்த. ராத்திரி அண்ணன் உங்களாண்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு: மாப்ள கிட்ட சொல்லு, நான் உயிரோட கீறேன்னு. ஞாயித்துக்கெழம அம்மாவோட வர்றேன். வீட்டப் பெருக்கி வைங்க."

மூன்று தரம் படித்தேன். உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து துடைப்பத்தை எங்கே வைத்தாள் என்று தேடினேன்.