மேட்டுப் பாதையும் ஓடைப் பாதையும்

மார்ச் 4

என் குருவிக்கு,

சுகம்னு எழுதியிருந்தே. நம்பறேன். ஆனா எழுத்து கோணல்மாணலா இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடறதில்லைன்னு தெரியுது. இங்க நானும் என் முட்டியும் சுகம். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல போன மாசம் எனக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. முப்பத்தோரு வருஷம் ஊர்ப்பட்ட போர்வையைத் துவைச்சு மடிச்சவளுக்கு இப்ப சொந்தமா ஒரே ஒரு போர்வை. மிச்ச நேரம் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

இன்னமும் அத்தைன்னு கூப்பிடலாமான்னு கேட்டிருக்கே. கேக்கறா பாரு கேள்வி! விவாகரத்து உனக்கும் என் மகனுக்கும்தான். தீர்ப்பை நான் ரெண்டு தடவை படிச்சேன். அதுல என் பேரு எங்கயும் இல்லை.

ரெண்டு வருஷமாச்சு உன் மூஞ்சியைப் பார்த்து. போன்ல பேசினா மூணாவது நிமிஷமே உனக்கும் எனக்கும் சண்டை வந்துடுது. அதனால ஒண்ணு பண்ணலாம். ஊர் ஊரா, நாடு நாடா போகுதே அந்த நெடும்பாதை, அதுல என் ஊருக்கும் உன் ஊருக்கும் நடுவுல சரியா ஒரு நாள் நடை. பத்தொன்பது கிலோமீட்டர், பூரா காடு. நாம முன்ன ஞாயித்துக்கிழமையில நடந்த வழிதான். பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் இங்கேர்ந்து கிளம்பறேன், நீ அங்கேர்ந்து கிளம்பு. மரத்துல மஞ்சள் பட்டை அடிச்சிருக்கான், அதைப் பிடிச்சுட்டு எதிரெதிரா வந்தா எங்கயாவது முட்டிக்காமலா போவோம்?

இன்னொண்ணும் சொல்லிடறேன். வெளியூர்ல வேலைக்குப் போனதிலேர்ந்து என் மகன் கொஞ்சம் மாறியிருக்கான். முன்ன வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும், இப்ப சேர்ந்தாப்ல நாலு வார்த்தை வருது. உன் அறை நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு. யோசி.

அத்தை

*

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

எழுத்து கோணலானதுக்குச் சாப்பாடு காரணம் இல்லை. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்துல உக்காந்து எழுதினேன். மேஜையே ஆடுது. மூணு வேளையும் சாப்பிடறேன், போதுமா?

பதினேழாம் தேதி கண்டிப்பா வர்றேன். அறைப் பேச்சு மட்டும் இப்ப வேண்டாம் அத்தை. உங்ககிட்ட நேர்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. எழுத எனக்குத் தைரியம் வரலை. அதைக் கேட்டதுக்கு அப்புறமும் நீங்க என்னைக் குருவின்னு கூப்பிடணும். என் கவலை அது ஒண்ணுதான்.

முட்டிக்குக் கட்டு போட்டுக்கோங்க. புதுச் செருப்பு போட்டுட்டு வராதீங்க. சொன்னா கேக்க மாட்டீங்க, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்க மருமகள்

*

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

நாம ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமப் போனது எந்த இடத்துலன்னு இப்பத்தான் புரியுது. குன்றுக்கிட்ட பாதை ரெண்டாப் பிரிஞ்சு அந்தப் பக்கம் மறுபடி சேருதே, ரெண்டுலயும் மஞ்சள் பட்டை, அங்கதான். உங்க முட்டிக்கு ஏத்தம் ஆகாது, கண்டிப்பா ஓடைப் பாதையாத்தான் வருவீங்கன்னு நான் அதுல வந்தேன். நீங்க மேட்டுப் பாதையில ஏறியிருக்கீங்க. இல்லையா? 'அவளுக்கு உயரம்தான் பிடிக்கும்'னு.

நான் வந்த பாதை ஓடையை ஆறு இடத்துல தாண்டுது. கல்லெல்லாம் பாசி. உங்களுக்கு வழுக்குமேன்னு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கம்பு வெட்டி ஊனி வச்சுட்டே வந்தேன். ரெண்டு நாட்டு எல்லைக் கல்லு பெரணிச் செடிக்குள்ள பாதி மறைஞ்சு கிடந்துச்சு. காவல் இல்லை, வேலி இல்லை. அந்த நாட்டுல ஒரு கால், இந்த நாட்டுல ஒரு காலுன்னு கல்லு மேல உக்காந்து மதியம் ஒரு மணி வரைக்கும் காத்திருந்தேன். ஒரு மரங்கொத்தியைத் தவிர யாரும் வரலை. போன்ல சிக்னலும் இல்லை. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து மிச்ச வழியை ஓட்டமும் நடையுமா வந்தேன்.

நாலு மணிக்கு உங்க வாசல். போன் பண்ணினா உள்ளேர்ந்து மணி அடிக்குது! அதை எடுத்துட்டுப் போறதுக்கென்ன அத்தை? பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சாவி குடுத்தாங்க. அறையைத் திறந்து பார்த்தேன். ரெண்டு வருஷமா யாரும் படுக்காத தலையணைக்குப் புதுசாத் துவைச்ச உறை. என் பழைய மழைக்கோட்டு ஆணியில. எனக்கு அங்க உக்கார மனசு வரலை. நின்னுட்டே அழுதேன். நீங்க நான் திரும்பி வருவேன்னு இருக்கீங்க, நான் வேற ஒண்ணு சொல்ல வந்திருக்கேன்.

கடைசி பஸ் வர்ற வரைக்கும் வாசல்ல உங்களுக்காகப் பார்த்துட்டு, இருட்டினப்புறம் வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுல என்கூட இருக்கிறவர் சொன்னார், வழி தவறின ஒரு அம்மா வந்தாங்களாம், குதிகால்ல கொப்புளமாம், மருந்து போட்டுக் கட்டு கட்டினாராம். யாரோ பாவம்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா கொடியில கிடந்த துணியெல்லாம் மேஜை மேல மடிச்சு இருக்கு. நீளவாக்குல ரெண்டு, குறுக்கே மூணு, ஓரம் எல்லாம் உள்பக்கம். ஆஸ்பத்திரி மடிப்பு. இந்த உலகத்துல எனக்குத் தெரிஞ்சு அப்படி மடிக்கிறது ஒரே ஆள்.

அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவர் மாட்டு டாக்டர். ஜூன்ல கல்யாணம் பண்ணிக்கப் போறோம். பேசறவர் அத்தை, ஓயாம பேசறவர். அடுப்பு முன்னாடி நின்னுகூட பேசிட்டே இருப்பார். அதுக்காகவே பிடிச்சுது.

என்னைத் திட்டி எழுதுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க. அந்த வீட்டுல ஒருத்தர் பேசாம இருந்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

உங்க மருமகள்னு போடலாமா தெரியலை.

*

ஏப்ரல் 3

குருவிக்கு,

ரெண்டு வாரம் எழுதலை. கோபம்தான், மறைக்க என்ன இருக்கு. பெத்த வயிறு இல்லையா, எரிஞ்சுது. என் மகன் உன்கிட்ட பேசாமலே இருந்தது தப்புன்னு எனக்கே தெரியும், தெரிஞ்சும் எரிஞ்சுது.

மேட்டுப் பாதைக் கதையைக் கேளு. ரெண்டு மணி நேரம் ஏத்தம். புதுச் செருப்புதான், ஆமா. அங்கயும் ஒரு எல்லைக் கல்லு இருக்கு தெரியுமா? நானும் உன்னை மாதிரியே அதுல உக்காந்து வழி பார்த்தேன். ரெண்டு புத்திசாலிங்க, ஒரே காட்டுல, ஒரே கோட்டுல, ஆளுக்கொரு கல்லுல. கீழே காடு அப்படியே விரிஞ்சு கிடந்துச்சு. உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லையோ என்னமோன்னு உன் வீட்டுக்கே நடந்தேன்.

கொடியில ரெண்டு ஆம்பளைச் சட்டை. நீ நேர்ல சொல்ல வந்தது எதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுடுச்சு. திரும்பிடலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள கதவைத் தட்டிட்டேன். கதவைத் திறந்தவர்கிட்ட வழி தவறிட்டேன்னு பொய் சொன்னேன். அந்த மனுஷன் ஒரு கேள்வி கேக்கலை. நாற்காலி போட்டு, வெந்நீர் வச்சுக் காலைக் கழுவிட்டு, மாட்டுக்குக் கட்டற கட்டு ஒண்ணு கட்டிவிட்டார். இதுக்கு நடுவுல வாய் ஓயலை. மாடு, மழை, பக்கத்து வீட்டு ஆடு. எனக்குக் காதே வலிச்சுது.

வீட்டுல வேற யாரும் இல்லையான்னு கேட்டேன். உன் வாயால இல்லாட்டி அவர் வாயாலயாவது கேட்டுடலாம்னு. "அவங்க அம்மாவைப் பார்க்கக் காட்டு வழியாப் போயிருக்காங்க. ஒரு மாசமா சரியாத் தூங்கலை. இந்தக் கல்யாணத்துக்கு அம்மா என்ன சொல்லுவாங்களோன்னு ஒரே பயம்"னார்.

உனக்குப் பதினோரு வயசுல அம்மா போயிட்டாங்க. இவர் யாரைச் சொல்றார்னு எனக்கு முதல்ல விளங்கலை. விளங்கினப்புறம் டம்ளரைக் கீழே வச்சுட்டேன். அங்க உக்காந்திருந்தா அழுது மானம் போயிடும்னு எழுந்து கொடித் துணியை மடிச்சு வச்சுட்டு பஸ் ஏறிட்டேன். நீ கண்டுபிடிப்பேன்னு நினைக்கலை.

போன ஞாயித்துக்கிழமை மகன் வந்தான். சொன்னேன். "நல்லா இருக்கட்டும்மா"ன்னான். பிறந்ததிலேர்ந்து அவன் பேசினதுலயே நல்ல பேச்சு அது. எனக்கும் அப்பத்தான் மனசு ஆறிச்சு.

உன் அறையைக் காலி பண்ணலை. கட்டில் ஒருத்தருக்குத்தான் பத்தும், அதனால தச்சர்கிட்ட பெருசா ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். அவரையும் கூட்டிட்டு வா. பேசட்டும். இந்த வீட்டுச் சுவருக்கும் யாராவது பேசிக் கேட்டாத்தானே.

கல்யாணத்தன்னிக்கு உன் பக்கம் யாரு இருக்காங்கன்னு மாப்பிள்ளை வீட்டு ஜனம் கேக்கும். நீ முழிச்சுட்டு நிக்காதே. பொண்ணு வீட்டுப் பக்கம், முதல் வரிசையில ஒரு நாற்காலி போட்டு வை. நான் வந்து உக்கார்றேன்.

அத்தை